சிலபஸில் இல்லாத கேள்வி

நான் வாய் திறக்காமல் இருந்தது போதும். நீ பிளஸ் டூ முடித்த வருடத்திலிருந்து இன்று வரை உன்னோடு நான் பேசியதையெல்லாம் சேர்த்தால் "சாப்பிட்டாயா", "இரு, அம்மாவிடம் தருகிறேன்" என்ற இரண்டு வாக்கியங்களுக்குமேல் தேறாது. என் பிடிவாதம்தான் காரணம் என்று நீ நினைக்கிறாய். உன் அம்மாவும் அப்படியே நினைக்கிறாள். நான் மறுத்ததில்லை. நேற்று மாலை அவள் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கீரை ஆய்ந்துகொண்டிருந்ததால், நீ சொன்னது எனக்கும் கேட்டது. ஜூன் மாதம் முதல் பிரெஞ்சு ஆசிரியராக எங்கள் பள்ளிக்கு வரும்படி உன்னை அழைத்திருக்கிறார்கள். இந்த வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். "சேவியர் சார் கூப்ட்டு எப்படிம்மா மாட்டேன்னு சொல்றது? அவர் இல்லன்னா நான் ஏது?" என்றாய். நீ பதில் சொல்வதற்கு முன் உனக்கு ஒரு செய்தி தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் எழுதுகிறேன். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. உன் அறையில் உன்னோடு இருப்பவர்களும் படிக்கலாம். பிள்ளைக்குப் பிரெஞ்சு வாங்கிக்கொடுத்த மற்ற அப்பாக்கள் படித்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

செய்திக்கு வருவதற்கு முன் சில பழைய விஷயங்களை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. நீ அப்போது பையன். பாதிதான் உனக்குத் தெரியும். நெல் விளைந்த நிலத்தை ஆலைகளுக்கு விற்ற பணத்தில் எங்கள் தாளாளர் அந்தப் பள்ளியைக் கட்டினார். நான் எம்.ஏ., எம்.ஃபில். முடித்துக் கல்லூரி வேலைக்கு நடையாய் நடந்து, கிடைக்காமல், அங்கே தமிழாசிரியராகச் சேர்ந்தேன். கல்லூரி வேலை எனக்கு ஏன் கிடைக்கவில்லை, யாருக்குக் கிடைத்தது என்பது வேறு கதை. அதை நான் மறக்கவில்லை என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். ஒருநாள் தாளாளர் என்னைத் தன் அறைக்கு அழைத்தார். ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்தில் வேறொரு பள்ளி கட்டியிருந்த பேனரைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"இன்னா சார் இது, அவன் ஃப்ரெஞ்சு வச்சிக்கினு டோட்டல்ல எங்கியோ பூட்டான். நம்ம பசங்க மத்த எல்லாத்துலயும் வாங்கிட்டு வந்து ஒங்க சப்ஜெக்ட்ல வுட்டுட்றானுங்க. இருநூறுக்கு நூத்தித் தொண்ணூத்தெட்டு தமிழ்ல வர வைப்பீங்களா?"

"வராது" என்றேன்.

"அப்ப ஃப்ரெஞ்சு வந்துட்டுப் போவுது. ஒங்களுக்கு இன்னா சார், பீரியட் கம்மி. ஜாலியா இருங்க."

இப்படித்தான் சேவியர் வந்தார். அவர் படித்தது வணிகவியல். பாண்டிச்சேரிக்காரர். பள்ளியில் பிரெஞ்சு எடுத்திருந்தார். பாண்டிச்சேரியிலிருந்து வந்தவருக்குப் பிரெஞ்சு ரத்தத்திலேயே ஓடும் என்று தாளாளர் நம்பினார். சோம்பேறி என்று அவரைச் சொல்ல மாட்டேன். எனக்கு முன்னால் வருவார், எனக்குப் பின்னால் போவார். பழைய கேள்வித்தாள்களையெல்லாம் அலசி, எந்தப் பாடத்திலிருந்து எந்தக் கேள்வி வரும், எந்தக் கடிதம் எந்த வருடம் வந்தது என்பதைக் கரைத்துக் குடித்திருந்தார். ஒரு சிறிய கைடு போட்டார். அதிலுள்ள விடைகளை எழுத்துப் பிசகாமல் எழுதினால் மார்க். மொழிபெயர்ப்புப் பகுதிக்கு ஆங்கிலத்தில் எழுதினால் போதும், அந்த ஆங்கிலமும் கைடில் இருந்தது. பிள்ளைகள் பிரெஞ்சு எழுதினார்கள். பேசவில்லை. பேச வேண்டும் என்ற எண்ணமே அந்த வகுப்பில் யாருக்கும் வரவில்லை. அது ஒரு மொழி என்பதே மறந்துபோய், கணக்குப் பாடத்தில் படிகள் போடுவதுபோல் போட்டார்கள். அவர்களுக்குக் கணினி அறையைக் கொடுத்தார்கள், அதில் ஏசி இருந்தது. என் வகுப்பை வேதியியல் ஆய்வகத்தின் சாமான் அறைக்குப் பக்கத்தில் தள்ளினார்கள். பல வருடம் அமில நெடியில் செய்யுள் நடத்தினேன்.

பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் என்னிடம் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஒரகடத்தில் ஏதோ ஓர் ஆலையில் லைன் வேலை. ஓ.டி. முடித்து யூனிஃபார்மோடு வந்திருந்தார். "சார், ஃப்ரெஞ்சுல ஃபுல் மார்க்கு கெடைக்கும்னு சொல்லுதாங்க. தமிழ்ல நீங்க எவ்வளவு போடுவிய?" நான் போடுவதில்லை, பையன்தான் வாங்க வேண்டும் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. கறிகாய்க் கடையில் விலை படியாமல் நகர்கிறவரின் பார்வை. நேரே சேவியரிடம் போய் நின்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தப் பார்வையை வைத்திருக்கிறேன்.

பத்தாம் வகுப்பில் தமிழில் பள்ளியிலேயே நீதான் முதல். பிளஸ் ஒன் சேர்ந்த முதல் வாரம், மொழிப்பாடம் எது என்று எழுதிப் பெற்றோர் கையெழுத்திட்டுத் தரும் தாளைச் சாப்பாட்டு மேசையில் என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாய். அதில் பிரெஞ்சு என்று எழுதியிருந்தது. இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் மொழிப்பாட மார்க்கைச் சேர்க்க மாட்டார்கள் என்று சொன்னேன். "டோட்டல்ல வரும்பா" என்றாய். டோட்டல் யாருக்கு என்று கேட்டேன். உன் அம்மாதான் பதில் சொன்னாள்: "ஊருக்குத்தான். ஊர்ல நாமளும்தானே இருக்கோம்?" நான் கையெழுத்துப் போடவில்லை. ஒரு தமிழாசிரியன், தன் வகுப்பிலிருந்து தன் மகன் வெளியேறுவதற்குத் தானே கையெழுத்துப் போடுவதா? அன்று செய்ததில் இன்றும் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. உன் அம்மா அடுப்படியிலிருந்து ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, தன் பெயரை முழுசாகத் தமிழில் எழுதிக் கொடுத்தாள்.

அதன்பிறகு இரண்டு வருடக் காலை நேரங்கள். நம் வீட்டு வாசல் கேட்டுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் இடையே நடந்துகொண்டு நீ பிரெஞ்சை உருப்போடுவாய். நான் சன்னலருகே நின்று சவரம் செய்வேன். நண்பனுக்கு எழுதும் அந்தக் கடிதத்தை நீ சொல்லாத நாள் இல்லை. கோடை விடுமுறையில் மாமாவோடு கடற்கரைக்குப் போனது, வானம் நீலமாக இருந்தது, ஐஸ்கிரீம் தின்றது. அந்த வருடம் அதுதான் வரும் என்று சேவியர் சொல்லியிருந்தார். கைடைப் புரட்டி அதன் ஆங்கிலத்தையும் படித்துவைத்திருந்தேன், எனக்கு எதிரில் நிற்பது என்ன என்று தெரிய வேண்டுமே. பிரெஞ்சில் ஓர் எழுத்தும் படிக்காத என்னால் இன்றும் அந்தக் கடிதத்தை முதலிலிருந்து கடைசிவரை சொல்ல முடியும். உனக்கு மாமாவே கிடையாது என்பதும், நாம் குடும்பமாகக் கடற்கரைக்குப் போனதே இல்லை என்பதும் அப்போதெல்லாம் எனக்குத் தோன்றும். பரீட்சைக்கு முன் உன் அம்மா அந்தக் கைடை வல்லக்கோட்டைக்கு எடுத்துப் போய் முருகன் முன்னால் வைத்து அர்ச்சனை செய்தாள். தமிழ்க் கடவுளிடமே போய்ப் பிரெஞ்சுக்கு அர்ச்சனையா என்று கேட்டேன். "அவருக்கு எல்லா பாஷையும் வரும். ஒங்களுக்குத்தான் ஒண்ணே ஒண்ணு" என்றாள். நீ விபூதியோடு சிரித்தாய். நாம் மூவரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

சேவியர் சொன்ன கடிதமே வந்தது. நீ பள்ளியில் முதலாவதாக வந்தாய். பஸ் நிலையத்தில் உன் முகத்தைப் பேனரில் கட்டினார்கள். இதெல்லாம் உனக்கே தெரியும். இனி நான் சொல்வதில்தான் உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது.

அந்த ஜூன் மாதம், காருக்கு இருக்கை செய்யும் ஆலை ஒன்று பள்ளிக்குக் குடிநீர் சுத்திகரிக்கும் இயந்திரம் கொடுத்தது. ஆலையின் பிரெஞ்சு மேலாளர் திறந்துவைக்க வந்தார். தாளாளருக்கு ஒரு யோசனை உதித்தது. "நம்மாண்டயே ஃப்ரெஞ்சுல ஃபர்ஸ்ட் வந்த பையன் கீறான். அவனையே பேச வச்சிடலாம். தொரை அசந்துடுவாரு." மார்க் வாங்கியவனுக்கு மொழி தெரியும் என்று அவர் நம்பினார். அவர் மட்டுமல்ல, உன் அம்மா, உன் நண்பர்கள், நீ, எல்லோரும் நம்பினீர்கள். இந்த வட்டாரத்தில் அப்போது எல்லோரும் அப்படித்தான் நம்பினோம். பேனரில் இருப்பது பொய்யாக முடியுமா? சேவியர் எழுதிக்கொடுத்த வரவேற்புரையை ஷாமியானாவில் நின்று நீ தடுமாறாமல் வாசித்தாய். அந்த மனிதர் மகிழ்ந்து, எழுந்து உன் அருகில் வந்து, கைகொடுத்து ஏதோ கேட்டார். சின்னக் கேள்வி. மைக் உன் கையில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

நீ விழித்தாய். பின்னர், யாரோ விசையை அழுத்தியதுபோல், மாமாவோடு கடற்கரைக்குப் போனதைச் சொல்ல ஆரம்பித்தாய். நீல வானம், மணல், ஐஸ்கிரீம், உன் அன்புள்ள நண்பன் என்று முடியும்வரை ஒரு வரி விடவில்லை. அந்த மனிதர் கடைசிவரை தலையாட்டிக் கேட்டுவிட்டு உன் தோளைத் தட்டினார். மைதானமே கைதட்டியது. யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அந்தக் கைதட்டலுக்கு நடுவில்தான் ஆசிரியர் வரிசையிலிருந்து அந்தச் சிரிப்பு வந்தது. நீ திரும்பிப் பார்த்தாய். வரிசையில் நானும் சேவியரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். சேவியர் குனிந்து கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நீ என்னைத்தான் பார்த்தாய். அங்கே சேவியரைத் தவிர அந்தக் கடிதத்தை அடையாளம் கண்டுகொள்ளக் கூடியவன் நான் ஒருவன், பிரெஞ்சின் மேல் பகை கொண்டவனும் நான் ஒருவன். வேறு யார் சிரித்திருப்பார்கள்?

வீட்டுக்கு வந்து, ஷூவைக் கழற்றாமலே கேட்டாய்: "சந்தோஷமாப்பா? நல்லா சிரிச்சீங்களா?"

சிரித்தது நான் இல்லை. சேவியர்.

அன்று அதைச் சொல்லியிருக்கலாம். தன் மகன் தன்னைப் பற்றி இப்படி நினைக்கிறான் என்று தெரிந்தபின் ஒருவன் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? என்னால் முடியவில்லை. என்னைக் கேட்காமலே தீர்ப்பெழுதியவனிடம் நான் எதற்குச் சாட்சி கூப்பிட வேண்டும் என்று பேசாமல் கை கழுவப் போனேன். அது ஒரு காரணம். இன்னொன்று பிறகு வந்தது. நீ இன்ஜினியரிங் வேண்டாம் என்று சொல்லிச் சென்னையில் பிரெஞ்சு பட்டப்படிப்பில் சேர்ந்தாய். குன்றத்தூர் வழியாகப் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தாய், படம் பார்த்தாய், செய்தி கேட்டாய், வெளிநாட்டுக்காரர்கள் வந்தால் தேடிப் போய்ப் பேசினாய். அந்த மொழியை விடக்கூடாது என்று நீ பல்லைக் கடித்தது என்னைத் தோற்கடிப்பதற்குத்தான் என்பது எனக்குத் தெரிந்தது. சிரித்தவர் உன் குரு என்று சொல்லியிருந்தால் அந்த வாரமே நீ எல்லாவற்றையும் தூக்கிப் போட்டிருப்பாய். இதைத் தியாகம் என்று எடுத்துக்கொள்ளாதே. என்மேல் நீ வைத்திருந்த கோபம் தப்பான கோபம் என்பது எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. அதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. மனக்குறையை வைத்துக் காப்பாற்றுவதில் எனக்குப் பழக்கம் உண்டு.

சேவியரைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அந்தப் பிரெஞ்சு மேலாளர் உன்னிடம் கேள்வி கேட்டவுடன் நான் சேவியர் பக்கம் திரும்பி, "என்ன சார் கேக்கறாரு?" என்றேன். அவர் முகம் வெளிறியிருந்தது. "அதெல்லாம் அவங்க ஊர்ப் பேச்சு சார். சிலபஸ்ல இல்ல" என்றார். நீ கடற்கரைக் கடிதத்தை ஆரம்பித்ததும் முதலில் அவர் கண்ணை மூடிக்கொண்டார். கைதட்டல் வந்தபின்தான் சிரித்தார். உன்னைக் கேலி செய்த சிரிப்பென்று பல நாள் நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. மாட்டிக்கொள்ளாமல் தப்பியவனின் சிரிப்பு அது. உன் இடத்தில் அவர் நின்றிருந்தாலும் அந்தக் கடிதத்தைத்தான் சொல்லியிருப்பார். ஆனால் நீ என்னை வெறுத்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியும். மறுநாளே ஆசிரியர் அறையில், "பையன் உங்க மேல கோவமா இருக்கானாமே, பாத்துக்கலாம் சார், சின்னப் பையன்தானே" என்றார். தான்தான் சிரித்தேன் என்று உன்னிடம் சொல்ல அவருக்கு எத்தனையோ சந்தர்ப்பம் இருந்தது. நீ ஒவ்வோர் ஆசிரியர் தினத்துக்கும் அவர் வீட்டுக்குப் போய் வந்தாய். அவர் சொல்லவில்லை. இப்போது அவர் பிரின்சிபால்.

இரண்டு வருடம் கழித்து ஒரு பொங்கலன்று அடுப்படியில் நின்று அம்மாவிடம் நீ சொன்னது கூடத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கேட்டது. "அன்னிக்கு அந்த ஆள் என்ன கேட்டாரு தெரியுமாம்மா? உன் வீடு இங்கிருந்து தூரமான்னு கேட்டாரு. அவ்ளோதான். அதுக்குப் போய் நான் மாமா, கடல், ஐஸ்கிரீம்." உன் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நீயும் சிரித்தாய். பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்பா அன்னிக்கே சிரிச்சிட்டாரு" என்றாய். நான் பேப்பரைத் திருப்பினேன்.

இனி நீ வரப்போகும் இடத்தைப் பற்றி. போன வாரம் தாளாளர் என்னிடம் சொன்னார்: "ஒங்க புள்ள வந்துட்டா பிளஸ் ஒன் ஃபுல்லா ஃப்ரெஞ்சு ஆக்கிடலாம் சார். நீங்க லைப்ரரிய பாத்துக்கினு அப்டியே ரிட்டயர் ஆயிடலாம். வூட்லயே ரெண்டு சம்பளம், இன்னா கொற?" அந்த லைப்ரரியில் இரண்டு பீரோ இருக்கிறது. ஒன்றின் சாவி தொலைந்துவிட்டது. என் வகுப்பைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன் என்று உனக்குத் தோன்றும். தோன்றட்டும். பிரெஞ்சுக்குத் தனிக்கட்டணம் கட்ட முடியாதவர்களின் பிள்ளைகள்தான் அந்த வகுப்பில் மிச்சம். உன்னிடம் வந்தால் அவர்களுக்கும் ஏசி அறை கிடைக்கும்.

நீ நினைப்பதுபோல் அங்கே உன்னை அழைப்பது உன் பிரெஞ்சுக்காக அல்ல. நீ பேசும் பிரெஞ்சு அவர்களுக்குத் தேவையில்லை. பேனரில் இருந்த பையன் ஆசிரியராக வந்திருக்கிறான் என்று அடுத்த பேனர் கட்ட வேண்டும், அவ்வளவுதான். சேர்ந்த அன்றே உன் கையில் அந்தக் கைடைக் கொடுப்பார்கள். அட்டையின் நிறம் மட்டும் மாறியிருக்கிறது. பிள்ளைகளைப் பேச வைக்கிறேன் என்று நீ ஒரு மாதம் செலவழித்தால் மாதத் தேர்வில் மார்க் இறங்கும். ஓ.டி. முடித்து வரும் அப்பாக்கள் யூனிஃபார்மோடு உன் முன்னால் நிற்பார்கள், கறிகாய்க் கடைப் பார்வையை நீயும் வாங்கிக்கொள்வாய். அப்போது சேவியர் உன்னை அழைத்து அன்பாகத்தான் சொல்வார்: "தம்பி, அதெல்லாம் சிலபஸ்ல இல்ல." அவரிடம் நன்றிக்கடன் பட்டவனாக நீ அங்கே போனால் அந்த வாக்கியத்துக்கு உன்னால் பதில் சொல்ல முடியாது. அதற்காகத்தான் இந்தக் கணக்கைத் தீர்த்து அனுப்புகிறேன். நீ கற்ற பிரெஞ்சு அவர் கொடுத்ததில்லை. அவர் கொடுத்தது கடற்கரைக் கடிதம். மற்றதெல்லாம் நீயாகச் சம்பாதித்தது, என்மேல் இருந்த கோபத்தில். அந்தக் கோபத்துக்கு நான் ஆளில்லை என்று இப்போது தெரிந்துவிட்டது. அதனால் நீ படித்தது படிக்காததாகிவிடாது.

போ என்றோ போகாதே என்றோ சொல்ல எனக்கு வாய் இல்லை, நீ கேட்கப்போவதும் இல்லை. போவதாக இருந்தால் முதல் நாள், கைடைத் திறப்பதற்கு முன், ஒரு பிள்ளையை எழுப்பி அந்தக் கேள்வியைப் பிரெஞ்சில் கேள்: உன் வீடு இங்கிருந்து தூரமா? அது விழிக்கும். மாமா, கடற்கரை என்று ஆரம்பித்தாலும் ஆரம்பிக்கும். பக்கத்திலிருப்பவர்களைச் சிரிக்க விடாதே. அது தன் ஊரைச் சொல்லும்வரை, பென்னலூரோ வல்லக்கோட்டையோ, தானாக யோசித்து ஒரு சொல்லாவது சொல்லும்வரை காத்திரு. பீரியட் முடிந்தாலும் பரவாயில்லை. அதற்கு அந்தப் பள்ளி இடம் கொடுத்தால் அங்கே வேலை பார். கொடுக்காவிட்டால் உனக்கு வேறு இடங்கள் இருக்கின்றன. எனக்கு இருக்கவில்லை.

அந்த மனிதரின் கேள்விக்கு நம் வீட்டிலிருந்து இன்னும் யாரும் சரியான பதில் சொல்லவில்லை. தூரமில்லை. பள்ளிக்கு எதிரே பஸ் ஏறினால் இரண்டாவது நிறுத்தம், இறங்கி ஐந்து நிமிட நடை. நீ பள்ளிக்கு வந்தாலும் வராவிட்டாலும் இது மாறாது.

கடிதத்தின் கீழே கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தேன், வைத்துவிட்டேன். அன்று பிரெஞ்சுக்குப் போக என் கையெழுத்தைக் கேட்டாய், நான் போடவில்லை. அது இல்லாமலே போனாய், நான் நினைத்ததைவிட நன்றாகவே போய்ச் சேர்ந்தாய். இந்த முறையும் முடிவு உன்னுடையது. இந்தத் தாளில் என் பெயர் விழுந்தால் அது அனுமதியாகவோ தடையாகவோ ஆகிவிடும், இரண்டிலும் எனக்கு விருப்பமில்லை. யார் எழுதியது என்று உனக்குத் தெரியும். உன் விடைத்தாள்களில் சிவப்பு மையில் பார்த்த எழுத்துதான். பள்ளிக்குப் போகும் வழியில், பஸ் நிறுத்தத்துத் தபால்பெட்டியில், இப்படியே போட்டுவிடுகிறேன்.